எறும்பு மொய்த்த கட்டுத்துணி

பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் இம்மானுவேலுக்குச் சீழ் வாடை அடித்தது.

விழுங்குவதா, துப்புவதா என்று திணறினான். எதிரே டாக்டர் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் முன்னால், அதுவும் அவருடைய சொந்த நர்சிங் ஹோமில் உட்கார்ந்துகொண்டு துப்ப வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு விழுங்கினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு அப்படி ஒரு அவமரியாதை அதற்கு முன் நடந்திருக்காது.

வாடை பக்கத்து வார்டிலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தும் வந்தது. பினாயில் ஊற்றியிருந்தார்கள், ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். பினாயிலும் ஊதுவத்தியும் சீழும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றத்தைப் பெற்றுப் போட்டிருந்தன.

"உங்க வருத்தம் புரியுதும்மா" என்றார் டாக்டர், பூரணக்காவைப் பார்த்து. "ஆனா அலட்சியத்துக்கு மன்னிப்பு கிடையாது. ஆபரேஷன் ஆன மூணு பேருக்குப் புண்ணு சீழ் வச்சிருச்சு. செட்டியார்பட்டி வெள்ளைத்தாய் மதுரையில உயிருக்குப் போராடிட்டு இருக்கு. கட்டுப் போடுறது மாரிச்செல்வி பொறுப்பு. சாயங்காலம் எஸ்.ஐ. வர்றார். புகார் குடுக்கப் போறேன்."

பூரணக்கா என்றால் பரிபூரணம். ஐம்பது வயது. போலீஸில் ஏட்டாக இருந்து, மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, தொப்பியை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு டயர் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். அந்த நிலையத்தின் மொத்தப் பட்டாளமும் இம்மானுவேல்தான். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு அவருக்கு பைக் ஓட்டுகிறான். மீதி நேரத்தில் வாயடிக்கிறான்.

நேற்று மாடியேறி வந்து அழுதவள் மாரிச்செல்வி. இந்த நர்சிங் ஹோமின் நர்ஸ். போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் அவளுக்கு எந்த ஆஸ்பத்திரியும் வாசல் திறக்காது. அதைவிட, வெள்ளைத்தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆளைக் கொன்றவள் என்ற பேரோடு ஊருக்குள் நடக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் யாராவது உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"வேற காரணம் ஏதும் இருக்காதுங்களா டாக்டர்?" என்றார் பூரணக்கா பணிவாக.

டாக்டர் வலது கையை உயர்த்தி மறுத்தார். கார் கதவில் நசுங்கித் தையல் போட்டதாகச் சொன்ன கட்டைவிரலில் மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு கட்டு. அந்தக் கட்டிடத்தில் சுத்தமாக இருந்த ஒரே பொருள் அதுதான் என்று இம்மானுவேலுக்குத் தோன்றியது.

"இங்க எல்லாமே ரொம்ப ஸ்டெரைல் மேடம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மேனேஜர் பால்பாண்டி. டாக்டரின் மைத்துனன். கழுத்தில் பவுடர், கையில் தட்டு, தட்டு நிறையச் சின்னச் சின்னக் கவரில் பால்கோவா. குறை சொல்ல வருகிறவர்கள் வாயில் இனிப்பைத் திணிப்பது அவருடைய நிர்வாகத் திறமை. "அந்தப் பிள்ளைதான் கைய கழுவாம தொட்டுக் கெடுத்திருச்சு. தம்பி, இன்னொண்ணு எடுத்துக்கோங்க. நம்ம வீட்டுல கிண்டுனது."

வேண்டாம் என்றாலும் விடவில்லை. சட்டைப் பையில் ஒரு பாக்கெட்டைச் செருகிவிட்டுத்தான் போனார். இம்மானுவேல் முதல் பாக்கெட்டின் காலிக் கவரைக் கசக்கி டாக்டர் மேஜைக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போடக் குனிந்தான். உள்ளே ரத்தம் தோய்ந்த கட்டுத்துணி ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி வந்த கவரும் கிழிந்து கிடந்தது; ஒரு பக்கம் காகிதம், அதில் நீல எழுத்து. விழுங்கிய பால்கோவா மேலே வரப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்துகொண்டான்.

வெளியே வராந்தாவில் மாரிச்செல்வி நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே பெஞ்சில் வெள்ளைத்தாயின் புருஷன் தங்கச்சாமி. மதுரையிலிருந்து நேராக வந்திருந்தார். அவளைப் பார்க்கவும் பிடிக்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால் கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூரணக்கா அவளைக் கட்டுப் போடும் அறைக்குக் கூட்டிப் போனார்.

"யக்கா, கத்தி, கத்தரி எல்லாத்தையும் ஆவியில வேக வச்சுத்தான் எடுத்தேன்" என்றாள் மாரிச்செல்வி. "கட்டுத்துணிய ஏன் வேக வைக்கலன்னு கேக்காவ. பாக்கெட்டு மேலேயே ஸ்டெரைல்னு எழுதியிருக்குல்லா. அப்படி எழுதியிருந்தா நேரா பிரிச்சுப் புண்ணுல வைக்கலாம்னுதான் எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாவ. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் யக்கா பிரிச்சேன். அதை நம்பலன்னா நர்ஸ் வேலையே பாக்க ஏலாது."

அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினாள். அதன் மூலையிலிருந்து சுவர் வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கோடு நகர்ந்தது.

"எறும்பு" என்றான் இம்மானுவேல்.

"நெதமும் வருது சார். சாக்பீஸ் கூடப் போட்டுப் பாத்துட்டேன்."

"பருத்தித் துணியத் தின்ன எந்த ஊரு எறும்பு வரும்லே?" என்று பூரணக்கா அவனைக் கேட்டார்.

"அதுக்கும் எங்கயாவது அடிபட்டிருக்கும்க்கா. கட்டுப் போட வந்திருக்கு."

பூரணக்கா சிரிக்கவில்லை. ஒரு பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முழுக்கப் பிளாஸ்டிக் கவர். மேலே சிவப்பில் பெரிதாக ஸ்டெரைல் என்ற ஆங்கில எழுத்து. கீழே காப்பிக் கலரில் ஒரு பொட்டு. வாயை உருக்கி ஒட்டியிருந்த கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் பிசிறு.

"இங்க பாரு. சீல் போட்ட மெஷினுக்கு ஒரு பல்லு விழுந்திருக்கு."

இன்னொன்றை எடுத்தார். அதே இடத்தில் அதே பிசிறு. மூன்றாவதிலும் இருந்தது. பிறகு ஒன்றைக் கிழித்து முகர்ந்துவிட்டு அவனிடம் நீட்டினார். இன்றைக்கு எதையும் முகர்வதில்லை என்று அவன் எடுத்திருந்த சபதம் அத்தோடு போயிற்று. காய்ந்த பால் வாடை. அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவாமல் மறுநாள் வரை போட்டுவைத்தால் வருகிற வாடை. பச்சைப் புண்ணில் வைக்கிற துணியில் அது வந்தது.

"சீய்" என்றான். இந்த முறை வேடிக்கையாக எதுவும் வாயில் வரவில்லை.

ராஜபாளையம் ரோட்டில் பைக் போகும்போது பூரணக்கா பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

"எம்.ஏ. படிச்சவனே, அந்த வார்த்தைக்கு என்னலே அர்த்தம்?"

மூன்று வருஷமாக யாரும் அவனிடம் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. இம்மானுவேலுக்கு வண்டி ஓட்டுவதே மறந்துவிட்டது.

"அது ஒரு பெயரடைக்கா. ஒரு பொருளுக்கு முன்னால நின்னு அதோட குணத்தைச் சொல்ற சொல்லு. உசுருள்ள கிருமி ஒண்ணு கூட இல்லாததுன்னு அர்த்தம்."

"சுத்தமானதுன்னு சொல்லு."

"அங்கதான் எல்லாரும் வழுக்குறாவ. தட்டு சுத்தம், வேட்டி சுத்தம்னு சொல்லலாம். தட்டு ஸ்டெரைல்னு எந்த வீட்டுலயும் சொல்லமாட்டாவ. ஆஸ்பத்திரி, லேபு மாதிரி இடத்துல, சட்டைப் பித்தான கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டுப் பேசுற வார்த்தை அது. இன்னொண்ணு, சுத்தத்துல கொஞ்சம் சுத்தம், ரொம்ப சுத்தம் உண்டு. இதுல கிடையாது. செத்துப்போனவன்ல கொஞ்சம் செத்தவன், ரொம்ப செத்தவன்னு உண்டா? ஒண்ணு ஆமா, இல்லன்னா இல்ல. அந்த மேனேஜர் ரொம்ப ஸ்டெரைல்னு சொன்னான் பாருங்க, எனக்குக் காது கூசிருச்சு."

"அப்போ அவனுக்கு அர்த்தம் தெரியாது."

"சத்தியமா தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவியளுக்குத் தெரியாமலா? கத்தி பிடிக்கிற கை. அதைத் தெரியாம ஒரு நாள் ஓட்ட முடியுமா?"

ராஜபாளையத்து மில் சங்கு காதில் விழும் வரை, குப்பைத் தொட்டியில் ரத்தத் துணியைப் பார்த்த கதையை இம்மானுவேல் புலம்பித் தீர்த்தான். காகிதக் கவர், நீல எழுத்து என்பது வரை ஒப்பித்தான். பூரணக்கா கேட்டுக்கொண்டே வந்தார்.

சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து விற்கும் ராம்கியின் பட்டறை ராஜபாளையத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. தறிச் சத்தம் காதைப் பிளந்தது. முப்பத்தைந்து வயது ராம்கி வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பயந்தால் இரண்டும்.

"ரண்டி ரண்டி, உக்காருங்க மேடம்" என்றவர், பாக்கெட்டைப் பார்த்ததும் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அய்யோ, இது எங்களுது இல்ல!"

"துணி?"

ராம்கி துணியைப் பிரித்து இழையை எண்ணுவது போல் பார்த்தார். "துணி எங்களுதா இருக்கலாம். மூட்டை மூட்டையா சும்மா துணியா விக்கிறோம். வாங்குறவங்க வேக வச்சுக்கணும். மூட்டையில எங்கயும் இந்த வார்த்தைய போடமாட்டோம் மேடம். இதைப் போட லைசென்ஸ் வேணும். போட்டுட்டு உள்ள அப்படி இல்லைன்னா ஜெயிலு. எங்கப்பா இந்த வார்த்தையப் பாத்தாலே கும்பிட்டுட்டுப் போவாரு."

"யாரு யாரு மூட்டை வாங்குறாங்க?"

"நூறு பேரு வாங்குறாங்க. காரு துடைக்க வாங்குறவங்க கூட இருக்காங்க."

காருக்குப் போகிற துணி. இம்மானுவேல் தன் முழங்காலில் போன மாதம் கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இந்தப் பொட்டு என்னது தம்பி?" என்றார் பூரணக்கா.

"அதுதான் சாட்சி மேடம். நிஜக் கவர்ல இந்தப் பொட்டு ரோஸ் கலர்ல வரும். ஆவியில வெந்து வெளிய வந்தாத்தான் காப்பிக் கலருக்கு மாறும். மாறியிருந்தா வெந்திருச்சுன்னு அர்த்தம்." ராம்கி அலமாரியிலிருந்து மாதிரிக் கவர் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் காகிதம். ரோஸ் பொட்டு. "காகிதம் வழியாத்தான் ஆவி உள்ள போவும். நீங்க கொண்டாந்தது ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக். இதுக்குள்ள ஆவி எப்படிப் போவும்? இது வேகவே இல்ல."

"பொட்டு மாறியிருக்கே?"

ராம்கி விரலால் தேய்த்தார். விழித்தார். "மாறல மேடம். அச்சடிக்கும்போதே காப்பிக் கலர்ல அச்சடிச்சிருக்கான்."

கண்ணால் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்லும் ஆளை இம்மானுவேல் கோர்ட் வாசலில் பார்த்திருக்கிறான். பொட்டே அந்த வேலை பார்த்து இப்போதுதான் பார்க்கிறான். கொன்றவன் கூட கொஞ்சம் வெட்கப்பட்டு ஒளிவான். இவன் கலர் தேர்ந்தெடுத்து அச்சடித்திருக்கிறான்.

"கவர் யாரோடதுன்னு தெரியலையேக்கா" என்றான் வெளியே வந்து. "துணி நூறு பேரு வாங்குறாவ. நூறு வீட்டுக் கதவையும் தட்டி, உங்க மெஷினு பல்லக் காட்டுங்கன்னு கேக்க முடியுமா?"

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்தினான். அந்தப் பால்கோவாவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. வயிறு காலையில் பட்டதை மறந்துவிட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து பால்பாண்டி திணித்த பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்துக் கிழிக்க வாய்க்குக் கொண்டு போனான்.

பூரணக்கா அவன் கையில் ஒரு அடி போட்டுப் பிடுங்கினார்.

"பசிக்குதுக்கா!"

"ஏலே, சீலப் பாரு."

பார்த்தான். உருக்கி ஒட்டிய கோடு. கோட்டில் ஒரு இடத்தில் பிசிறு. பூரணக்கா மடியிலிருந்து கட்டுத்துணிப் பாக்கெட்டை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்தார். ஒரே இடத்தில் ஒரே ஓட்டைப் பல்.

இம்மானுவேல் டீக்கடையின் பின்பக்கம் ஓடினான். காலையில் விழுங்கியது இந்த முறை வெளியே வந்தேவிட்டது. டீக்கடைக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்து, என்ன சாப்பிட்டீங்க என்று பரிவோடு கேட்டார்.

"ஒரு பெயரடை அண்ணாச்சி" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.

பால்பாண்டியின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தைத் தாண்டி இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே அடுப்பில் பால் கொதித்து முடிந்து, பெரிய இரும்புச் சட்டியில் கோவா இறுகிக் கொண்டிருந்தது. ஈக்கள் ஊரைக் கூட்டி வைத்திருந்தன.

"பால்கோவா வேணும்" என்றார் பூரணக்கா.

"உள்ள வாங்கக்கா. செத்த நேரம் உக்காருங்க, ஆறட்டும்" என்றாள் பால்பாண்டியின் மனைவி பாண்டிசெல்வி. வெள்ளந்தியான முகம். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தாள்.

ஆனால் அப்போது அவள் செய்துகொண்டிருந்தது பால்கோவா வேலை இல்லை. ஒட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டுத்துணி மூட்டை பிரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. பாண்டிசெல்வி பூனையை ஒரு தள்ளு தள்ளி, மடித்த துணி ஒன்றை எடுத்தாள். விரலை நாக்கில் தொட்டு, கவர்க் கட்டிலிருந்து ஒரு கவரைப் பிரித்தாள். கவரின் வாயைத் தன் வாயில் வைத்து, பூவென்று ஊதினாள்.

கவர் உப்பியது. அதன் மேல் ஸ்டெரைல் என்ற சிவப்பு எழுத்தும் அவள் மூச்சில் உப்பிக்கொண்டு நின்றது. துணியை உள்ளே போட்டாள், மெஷினில் வைத்து அழுத்தினாள், பெட்டியில் எறிந்தாள். மறுபடி நாக்கு, மறுபடி ஊதல்.

இம்மானுவேல் மளிகைக் கடையில் ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அரைக் கிலோ உளுந்து போட எல்லாரும் அப்படித்தான் கவரை ஊதித் திறக்கிறார்கள். அந்த மூச்சு வெள்ளைத்தாயின் வயிற்றுத் தையலுக்குள் போயிருக்கிறது என்று நினைத்ததும் அவனுக்குத் தோல் கூசியது. செல்போனை எடுத்துப் படம் பிடித்தான்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் பூரணக்கா.

"நமக்கு இங்கிலீசு எங்கக்கா தெரியும்? நல்ல சரக்குன்னு போட்டிருக்குன்னு அவிய சொன்னாவ." பாண்டிசெல்வி பெருமையாகச் சிரித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதாம். அதான் கையக் கழுவிட்டுத்தான் தொடுவேன். பொறவு மத்தியானத்துக்கு மேல இதே மெஷினுல பால்கோவா ஒட்டுவேன்."

அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. பூரணக்கா கவர்க் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். துணி போடாத, ஒட்டாத, அச்சகத்திலிருந்து வந்த புதுக் கவர்கள். எல்லாவற்றிலும் காப்பிக் கலர்ப் பொட்டு.

சாயங்காலம் எஸ்.ஐ. வீரணன் டாக்டர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தபோது, பூரணக்கா அந்தக் கவர்க் கட்டை தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். மாரிச்செல்வியும் தங்கச்சாமியும் சுவரோரம் நின்றிருந்தார்கள். பால்பாண்டி பால்கோவாத் தட்டோடு வந்தவர் கவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

பூரணக்கா நாலே வாக்கியத்தில் சொன்னார். எறும்பு, பொட்டு, ஓட்டைப் பல், ஊதல். இம்மானுவேல் செல்போனை வீரணன் முன் நீட்டினான். உப்பும் கவரைப் பார்த்த வீரணன், கையில் எடுத்திருந்த பால்கோவாவைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

பால்பாண்டி கீழே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் சார். எல்லாம் நான்தான். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய வாங்குனா செலவுன்னு நானே செஞ்சேன். சுத்தமாத்தான் சார் செஞ்சோம்!"

டாக்டர் மேஜையில் ஓங்கிக் குத்திவிட்டு எழுந்து நின்றார். முகம் சிவந்தது. "துரோகி! என் ஆஸ்பத்திரியிலயா? வெளிநாட்டுல படிச்ச டாக்டர் மாதிரி எனக்குப் பேர் இருக்குடா இந்த ஊர்ல!" மாரிச்செல்வி பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "என்னை மன்னிச்சிரும்மா. நானும் உன்னை மாதிரி அந்தப் பாக்கெட்டை நம்பித்தான் ஏமாந்தேன். புகார் இல்ல. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

அழகாகத்தான் பேசினார். மாரிச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. வீரணன் பால்பாண்டியின் சட்டையைப் பிடித்து எழுப்பினார். இம்மானுவேல் கூட, பாவம் மனுஷன், மைத்துனனால் கெட்டார் என்று நினைத்தான். முடிந்தது, போய்க் குளிக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

பூரணக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டர், விரலு இப்ப எப்படி இருக்கு?"

"எது? ஓ, இதுவா. பரவாயில்ல."

"கட்டு மாத்தலையா? காலையில பாத்தப்ப வெள்ளையா இருந்துச்சு. இப்ப ரத்தம் கசிஞ்சிருக்கே." கோபத்தில் மேஜையைக் குத்தியதில் மொட்டின் நுனி சிவந்திருந்தது. "மாரிச்செல்வி, டாக்டருக்குக் கட்டு மாத்தி விடும்மா. அவரு ஆஸ்பத்திரி பாக்கெட்டுலயே."

"அதெல்லாம் அப்புறம்" என்றார் டாக்டர்.

"செத்த நேரத்து வேலைதான். இந்தப் பாக்கெட்டுங்க மோசம்னு இப்பத்தானே உங்களுக்கே தெரிஞ்சது? இது போன மாசத்துப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தது. இதுவும் அந்த மெஷினுல ஒட்டுனதுன்னு யாரும் சொல்லல. நல்லதா இருக்கலாம்லா. ஸ்டெரைல்னு போட்டிருக்கு."

பூரணக்கா கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மாரிச்செல்வியிடம் கொடுத்தார். அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். முகத்தில் அழுகை நின்றுபோயிருந்தது. மேஜையோரத்து மருந்துப் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்தாள். பாக்கெட்டைக் கிழித்தாள். துணியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, வேலையில் எப்போதும் போல நிதானமாக டாக்டரின் விரலுக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

டாக்டரின் கை, டாக்டரைக் கேட்காமலே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

இம்மானுவேலுக்கு அப்போதுதான் குப்பைத் தொட்டி ஞாபகம் வந்தது. குனிந்து அதைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்தான். காலையில் பார்த்த கவர் விழுந்தது. ஒரு பக்கம் காகிதம், நீல எழுத்து, நிஜமாகவே வெந்து நிறம் மாறிய பொட்டு.

"வார்டு முழுக்க அந்தப் பாக்கெட்டு" என்றார் பூரணக்கா. "உங்க ஒத்த விரலுக்கு மட்டும், இந்தக் குட்டு உடையிறதுக்கு முன்னாலயே, தனியா கடையில வாங்குன பாக்கெட்டு. உங்க மைத்துனனுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது டாக்டர். அவன் சம்சாரத்துக்கு எழுத்தே தெரியாது. இங்க அர்த்தம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்."

அன்று முழுவதும் பார்த்த ஈயும் சீழும் பூனைமயிரும் இம்மானுவேலுக்கு ஒன்றுமில்லாமல் போயின. அந்தச் சுத்தமான வெள்ளைக் கட்டைப் பார்க்கத்தான் குமட்டியது.

தங்கச்சாமி சுவரை விட்டு வந்து மாரிச்செல்வியின் பக்கத்தில் நின்றார். டாக்டரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்டது மாரிச்செல்விதான். இடுக்கியை இன்னும் நீட்டியபடியே, நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"ஏன் சார் கைய இழுக்கிறீய? மேலேயே எழுதியிருக்குல்லா."

வீரணன் பால்பாண்டியின் சட்டையை விட்டுவிட்டு, மேஜையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, டாக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.